வேலைக்கு ஆளா, ஆளுக்கு வேலையா? நூறு நாள் வேலை மென்பொருளின் கணக்கைப் படித்தல்

சிறுசேரி மென்பொருள் பூங்காவில் திங்கட்கிழமை காலை ஒரு குழுத் தலைவர் தம் கணினியைத் திறக்கும்போது முதலில் காண்பது மனிதர்களின் பட்டியலை. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அந்த வாரத்தின் ஐந்து நாட்கள் கட்டங்களாக விரிகின்றன. எட்டு மணி நேரத்துக்குள் வேலை அடங்கியிருந்தால் கட்டம் பச்சை, மீறினால் சிவப்பு, வேலையே இல்லாவிட்டால் வெறுமை. ஜிரா, மைக்ரோசாஃப்ட் பிராஜெக்ட் போன்ற திட்ட மேலாண்மை மென்பொருள்கள் ஏதேனும் ஒரு வடிவில் இந்தத் திரையைத் தருகின்றன. அந்த அலுவலகங்களின் பேச்சில் மனிதர் 'ரிசோர்ஸ்' ஆகிவிடுகிறார். "அடுத்த வாரம் இரண்டு ரிசோர்ஸ் குறைகிறது" என்றால் இருவர் விடுப்பில் செல்கிறார்கள் என்று பொருள்.

அதே பழைய மாமல்லபுரம் சாலையில் தெற்கே சென்று, திருப்போரூரைக் கடந்து, திருக்கழுக்குன்றம் பக்கம் திரும்பினால், ஏரிக்கரையில் மண் வெட்டும் பெண்களை ஒருவர் கைபேசியால் படம் பிடிப்பதைக் காணலாம். அந்தப் படமும் ஒரு திட்ட மேலாண்மை மென்பொருளுக்குத்தான் போகிறது. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்துக்காகத் தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'நரேகாசாஃப்ட்' என்பது அதன் பெயர். வேலை அட்டை, வேலைக் கோரிக்கை, பணிப் பட்டியல், வருகைப் பதிவேடு, அளவுப் புத்தகம், ஊதியப் பட்டுவாடா எனத் திட்டத்தின் எல்லாக் கண்ணிகளும் அதற்குள்தான் இருக்கின்றன. நூறு நாள் வேலையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அதன் கணக்கைப் போடும் இயந்திரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. யார் வேலைக்குக் 'கிடைப்பவர்', எவ்வளவு வேலை 'இருக்கிறது' என்பதைத் தீர்மானிப்பது அந்த இயந்திரம் என்பதால், அதைத் திறந்து பார்ப்பது அவசியமாகிறது.

பணிச்சுமைக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது?

முதலில் சிறுசேரிக் கணக்கைப் புரிந்துகொள்வோம். ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று. ஆளுக்கு வாரம் 40 மணி நேரம் எனில் மொத்தம் 200. ஒருவர் இரண்டு நாள் விடுப்பு: 16 மணி நேரம் கழிகிறது. ஆளுக்கு நான்கு மணி நேரம் கூட்டங்களில் போகிறது: இன்னும் 20. மிஞ்சுவது 164. அந்த வாரத்துக்கு ஒதுக்கப்பட்ட வேலைகளின் மதிப்பீட்டைக் கூட்டினால் 190 வருகிறது. ஆக, 26 மணி நேரம் அதிகச் சுமை. இப்போது தலைவருக்கு மூன்று வழிகள்: சில வேலைகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம், சுமை குறைந்தவரிடம் மாற்றலாம், புதிதாக ஆள் கேட்கலாம். நான்காவதாக எழுதப்படாத ஒரு வழி உண்டு. ஐவரும் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து முடித்துவிட்டு, நேரப் பதிவில் எட்டு மணி என்றே எழுதுவார்கள். திரை பச்சையாகவே இருக்கும்.

இந்தக் கணக்கின் அடித்தளமான 'நாளுக்கு எட்டு மணி' என்பது மென்பொருளோடு பிறந்ததன்று. வைசிராயின் நிர்வாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அண்ணல் அம்பேத்கர். ஆலைத் தொழிலாளரின் வேலை நேரத்தை வாரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த தொழிற்சாலைகள் திருத்தச் சட்டம் 1946இல் வந்தது. சிறுசேரியில் பச்சைக் கட்டத்தைப் பார்க்கும் இளைஞர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு செய்தி.

இந்த வகை மென்பொருள்கள் அனைத்துக்கும் பொதுவான ஓர் அனுமானம் இருக்கிறது. வேலை முதலில் இருக்கிறது. அதை நிரப்ப ஆட்கள் தேடப்படுகிறார்கள். 'இத்தனை வேலைக்கு ஆள் இருக்கிறதா?' என்பதே அவை கேட்கும் கேள்வி. நிறுவனத்துக்கு அது பொருத்தமான கேள்விதான்.

2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் அந்தக் கேள்வியைத் தலைகீழாக்கியது. ஊரகத்தில் வாழும் எந்தக் குடும்பத்தின் வயதுவந்த உறுப்பினரும் உடலுழைப்பு வேலை கேட்கலாம். கேட்ட 15 நாட்களுக்குள் வேலை தரப்பட வேண்டும். தராவிட்டால், முதல் 30 நாட்களுக்கு ஊதியத்தில் கால் பங்குக்குக் குறையாமலும், அதன்பின் அரைப் பங்குக்குக் குறையாமலும் வேலையில்லாப்படி தர வேண்டும். 'இதோ ஆட்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு வேலை எங்கே?' என்று அரசைக் கேட்கும் அதிகாரம் கூலி உழைப்பாளிக்கு வந்தது. வேலைப் பற்றாக்குறை என்பது இனி அரசின் தவறாகக் கருதப்படும் என்பதுதான் சட்டத்தின் உயிர்நாடி. அந்த உயிர்நாடி மென்பொருளுக்குள் போகும்போது என்னவாகிறது என்பதே நம் கேள்வி.

செங்கல்பட்டின் பழைய கணக்குகள்

'ஆள் இருக்கிறதா?' என்ற கேள்விக்கு இந்த மாவட்டத்தில் நீண்ட வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஜாகீர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபின் 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்தார். வீடுகள் எத்தனை, எந்தச் சாதியார் எத்தனை பேர், நிலம் எவ்வளவு, ஏரிகள் எத்தனை, விளைச்சலில் யாருக்கு என்ன பங்கு என்றெல்லாம் அந்தக் கணக்குகள் பதிவு செய்தன. ஆட்சி செய்வோர் முதலில் தெரிந்துகொள்ள விரும்புவது வளத்தின் இருப்பை. மனிதரும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றனர்.

அதே நூற்றாண்டின் இறுதியில் லயனல் பிளேஸ் என்ற கலெக்டர் இங்கே இருந்தார். மதுராந்தகம் ஏரி உடையாமல் காத்தது இராமர் என்று ஏரிகாத்த ராமர் கோயிலின் கதை சொல்லும்; அதிலும் பிளேஸ் துரைக்கு ஓர் இடம் உண்டு. கரைக்கு மண் சுமந்தவர்களுக்கு அந்தக் கதையில் இடமில்லை.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கைதான் இந்தப் பட்டியலில் நமக்கு முக்கியமானது. பறையர் மக்களின் நிலை குறித்த அந்த அறிக்கை, அவர்கள் ஏன் வறியவர்கள் என்பதற்கு நிர்வாகக் காரணங்களைத் தேடியது. தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தால் மிராசுதாருக்கே முன்னுரிமை. குடியிருக்கும் மனையும் மிராசுதாரின் உரிமை. ஆகவே எதிர்த்துப் பேசினால் வீடு போகும். கடனுக்காகப் படியாளாகச் சேர்ந்தவர் கடனிலிருந்து மீள்வதில்லை. இந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 நாளிட்ட 1010, 1010ஏ அரசாணைகள் வந்தன. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று அழைப்பது அவற்றிலிருந்து பிறந்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் கொடுத்தால் தங்கள் வயல்களுக்கு ஆள் கிடைக்காது என்பதே மிராசுதார் தரப்பின் அச்சமாக இருந்தது.

அந்த அச்சத்தை மேலாண்மை மொழியில் சொன்னால் 'வளக் கிடைப்பு' குறித்த கவலை. படியாள் என்பவர் ஆண்டின் எல்லா நாட்களிலும் கிடைப்பவர். அவருடைய கட்டத்தில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை; எவ்வளவு ஏற்றினாலும் கொள்ளும் கட்டம் அது.

பஞ்சமி நிலத்தின் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனதும், அதை மீட்கக் கோரி காரணை மக்கள் நடத்திய போராட்டமும், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் கொல்லப்பட்டதும் நம் வாசகர்கள் அறிந்தவை. நிலம் இல்லாதவருக்கு நூறு நாள் வேலை ஏன் வெறும் நலத்திட்டமாக முடியாது என்பதைப் புரிந்துகொள்ள அந்த வரலாறு தேவை. ஊர்த் தெருவின் வயலில் இன்றைக்கு வேலை கேட்டுப் போக வேண்டியதில்லை என்று சொல்ல முடிவதுதான் இந்தச் சட்டம் தந்த உண்மையான கூலி. தமிழ்நாட்டில் இந்த வேலைக்கு வருவோரில் 85 விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். சேரிப் பெண்கள் ஏரியிலும் வயலிலும் கேட்கும் கூலியை உயர்த்த முடிந்ததற்கு இத்திட்டம் ஒரு காரணம் என்பதை நிலவுடைமையாளர்களின் புலம்பலே உறுதி செய்கிறது.

கோரிக்கை எங்கே தொலைகிறது?

சட்டத்தின்படி ஓட்டம் இப்படி இருக்க வேண்டும்: தொழிலாளி விண்ணப்பிக்கிறார், ஊராட்சி தேதியிட்ட ஒப்புகைச் சீட்டுத் தருகிறது, கோரிக்கை மென்பொருளில் ஏறுகிறது, கிராம சபை முன்னுரிமை அளித்த பணிப் பட்டியலிலிருந்து ஒரு வேலை திறக்கப்படுகிறது, அந்த வேலைக்கு வருகைப் பதிவேடு மென்பொருளிலிருந்தே அச்சிடப்படுகிறது. ஒவ்வொரு டிசம்பரிலும் மாவட்டம் அடுத்த நிதியாண்டுக்கான தொழிலாளர் வரவுசெலவை, அதாவது எவ்வளவு வேலை கேட்கப்படும் என்ற மதிப்பீட்டைத் தயாரிக்க வேண்டும்.

நடைமுறை பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. நிதி எவ்வளவு என்பது மேலிருந்து வருகிறது. அதற்கேற்ற வேலைகள் திறக்கப்படுகின்றன. அந்த வேலைக்கு யாரை அழைப்பது என்று முடிவான பின்னரே, அழைக்கப்பட்டவர்களின் 'கோரிக்கை' பதிவேற்றப்படுகிறது. ஒப்புகைச் சீட்டு எவர் கையிலும் இல்லை. விளைவாக, 'வேலை கேட்டோர்', 'வேலை பெற்றோர்' என்ற இரு நிரல்களும் அறிக்கையில் கிட்டத்தட்ட ஒன்றாக நிற்கின்றன. திரை முழுதும் பச்சை. சிறுசேரியில் இரவு பத்து மணி வேலையை எட்டு மணியாக எழுதியதுபோலவே, இங்கே கேட்டும் கிடைக்காத வேலை கேட்கப்படாததாகவே ஆகிவிடுகிறது.

இதற்குக் காரணம் வெறும் சோம்பேறித்தனம் என்று நாம் கருதவில்லை. வேலையில்லாப்படியை மாநில அரசு தன் நிதியிலிருந்து தர வேண்டும். கோரிக்கையைத் தேதியோடு பதிவு செய்வது என்பது கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்குச் சமம். எந்த அலுவலரும் விரும்பிக் கையெழுத்திட மாட்டார்.

ஒரு கணக்குக்காக 400 குடும்பங்கள் வேலை அட்டை வைத்திருக்கும் ஊராட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். சட்டம் உறுதியளிக்கும் அளவு 40,000 மனித நாட்கள். அந்த ஊராட்சிக்கு ஒப்புதலான தொழிலாளர் வரவுசெலவு 16,000 நாட்கள் எனில், குடும்பத்துக்குச் சராசரி 40 நாள். மென்பொருள் ஆண்டு இறுதியில் 'இலக்கில் 100 விழுக்காடு எட்டப்பட்டது' என்றுதான் காட்டும். ஏனெனில் அது 16,000ஐ வைத்து வகுக்கிறது. 40,000ஐ வைத்து வகுத்தால் 40 விழுக்காடு. எதனால் வகுப்பது என்பது அரசியல். நாடு முழுவதிலும் ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது ஆண்டுக்குச் சராசரி 50 நாட்களை ஒட்டியே இருந்துவருகிறது.

இதோடு மேலிருந்து விதிக்கப்படும் உச்சவரம்புகள் சேர்ந்துகொள்கின்றன. 2022 ஆகஸ்டில் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஓர் ஊராட்சியில் ஒரே நேரத்தில் 20 பணிகளுக்கு மேல் நடக்கக் கூடாது என்றது. மென்பொருள் துறையில் இதற்கு இணையான ஒரு பழக்கம் உண்டு. கையிலிருக்கும் வேலை முடியாமல் புதிய வேலையை எடுக்காதே என்று குழுவுக்கு வரம்பு வைப்பார்கள். அது ஊழியரை அதிகச் சுமையிலிருந்து காப்பதற்காக. இங்கே அதே வரம்பு வேலை தேடுவோரை வாசலிலேயே நிறுத்துகிறது. பல குக்கிராமங்களும் ஒன்றுக்கு மேற்பட்ட சேரிகளும் அடங்கிய பெரிய ஊராட்சியில், 20 பணிகளில் எத்தனை சேரிக்கு அருகில் திறக்கும் என்று கேட்டுப் பார்த்தால் விளங்கும். 2025–26இல் ஆண்டு ஒதுக்கீடான 86,000 கோடி ரூபாயில் முதல் ஆறு மாதங்களுக்கு 60 விழுக்காட்டுக்கு மேல் செலவிடக் கூடாது என்ற நிதி அமைச்சகத்தின் கட்டுப்பாடும் வந்தது.

கடற்கரைப் பக்கம் இன்னொரு விதமாகவும் ஆட்கள் கணக்கிலிருந்து மறைகிறார்கள். சட்டம் ஊரகத்துக்கு மட்டுமே. மாமல்லபுரம் நகர்ப்புற உள்ளாட்சி. ஆகவே அதன் எல்லைக்குள் வாழும் கூலித் தொழிலாளிக்கு வேலை அட்டை இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் நிலம் விடுதிகளாகவும் மனைப் பிரிவுகளாகவும் மாறிய பின் வயல் வேலை சுருங்கிவிட்டது. அத்தகைய ஊராட்சிகள் நகரத்தோடு இணைக்கப்படும்போது, வறுமை அப்படியே இருக்க, உரிமை மட்டும் ஒரே அரசாணையில் காலாவதியாகிறது. ஊராட்சிகளை நகராட்சிகளோடு இணைப்பதற்குத் தமிழ்நாட்டின் பல இடங்களில் பெண்கள் எதிர்ப்புத் தெரிவிக்கும் காரணம் இதுவே. அதை 'வளர்ச்சிக்கு எதிர்ப்பு' என்று எழுதும் நாளிதழ்கள் வேலை அட்டையைப் பார்த்ததில்லை போலும்.

பெயரே நீக்கப்படுவது இதைவிடக் கொடியது. 2022–23இல் மட்டும் நாடு முழுவதும் 5.18 கோடித் தொழிலாளர்களின் பெயர்கள் வேலை அட்டைகளிலிருந்து நீக்கப்பட்டதாக ஒன்றிய அரசே மக்களவையில் தெரிவித்தது; முந்தைய ஆண்டில் இது 1.49 கோடி. ஆதார் வழி ஊதியத்துக்கு எல்லோரையும் மாற்றும் வேகம் நடந்த காலம் அது. அந்த முறை 2024 ஜனவரி 1 முதல் கட்டாயமானது. நீக்கப்பட்டவர்களில் இறந்தவர்களும் ஊர் மாறியவர்களும் இருப்பார்கள். ஆனால் ஒரே ஆண்டில் மும்மடங்குக்கும் மேல் மக்கள் இறக்கவோ ஊர் பெயரவோ இல்லை.

அளவுக்குக் கூலி, நேரத்துக்குக் காவல்

2021 மே மாதத்தில் அறிமுகமான என்.எம்.எம்.எஸ். செயலி 2023 ஜனவரி 1 முதல் தனிநபர் பயனாளிப் பணிகள் நீங்கலாக எல்லாப் பணித்தளங்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளர் காலையில் ஒரு படமும், நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு படமும் எடுத்துப் பதிவேற்ற வேண்டும். படத்தில் நேரமும் இடத்தின் ஆயத்தொலைவும் பதிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு 2025–26இல் அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். அது எல்லோருக்கும் அப்படியே கிடைப்பதில்லை. குழுவாக வெட்டிய மண்ணை அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதி, அதற்கேற்பவே கூலி கணக்கிடப்படுகிறது. அளவு குறைந்தால் கூலியும் குறையும். அளவுக்குக் கூலி என்றால், வெயிலுக்கு முன் வந்து, வெட்டி முடித்து, வீடு திரும்பும் உரிமை தொழிலாளிக்கு இருக்க வேண்டும். செயலியோ இரண்டாவது படத்துக்காக அவரைக் காத்திருக்க வைக்கிறது. ஆக, கூலி தரும்போது அளவு பார்க்கப்படுகிறது. காவல் வைக்கும்போது நேரம் பார்க்கப்படுகிறது. இரண்டில் எது உழைப்பாளிக்குச் சாதகமோ அது மட்டும் விடுபட்டுப் போகிறது. வீட்டுக்குத் தண்ணீர் எடுப்பது, குழந்தையைப் பார்ப்பது, மாட்டுக்குத் தீவனம் அறுப்பது ஆகியவை அந்தப் பெண்ணின் கட்டத்தில் எந்த நிறத்திலும் இல்லை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ தளத்துக்கு வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை ஊதியத்தோடு நியமிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த விதி நிறைவேறியதா என்பதற்குச் செயலி படம் கேட்பதில்லை.

செயலியால் மோசடி ஒழிந்ததா என்றால், 2025 ஜூலை 8 அன்று அமைச்சகமே வெளியிட்ட சுற்றறிக்கை பதில் சொல்கிறது. தொடர்பில்லாத படங்கள், படத்தையே படமெடுத்து ஏற்றுதல், பதிவேட்டுக்கும் படத்துக்கும் பொருந்தாத ஆள் எண்ணிக்கை என்று முறைகேடுகளை வரிசைப்படுத்திவிட்டு, ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் மனிதர்களே சரிபார்க்க வேண்டும் என்றது. மோசடி செய்பவருக்குப் பழைய படம் போதும். நேர்மையாக உழைத்தவர் படம் ஏறாவிட்டால் அன்றைய கூலியை இழக்கிறார்.

ஊதியத் தாமதக் கணக்கிலும் இதே சூது. பதிவேடு முடிந்து 15 நாட்களுக்குள் கூலி வர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு. மாநில அலுவலர்கள் பட்டுவாடா ஆணையைத் தயாரிக்கும் வரையிலான தாமதத்தை மட்டுமே மென்பொருள் எண்ணியது. அதன்பின் ஒன்றிய அரசு பணத்தை விடுவிக்க எடுத்துக்கொள்ளும் நாட்களுக்குக் கடிகாரம் ஓடவில்லை. இரு கட்டத் தாமதத்துக்கும் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு என்று 2018 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் கூற வேண்டியிருந்தது.

சாதிவாரியாகக் கூலி

2021 மார்ச்சில் ஒன்றிய அரசு ஊதியத்தைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மற்றவர்கள் என மூன்று தலைப்புகளில் பிரித்துத் தர ஆணையிட்டது. பட்டியலினத்தவருக்கான துணைத்திட்ட நிதி எவ்வளவு செலவாகிறது என்பதைத் தெளிவாகக் காட்டவே இந்த ஏற்பாடு என்று விளக்கம் தரப்பட்டது. மென்பொருளில் நடந்தது இதுதான்: ஒரே ஏரி, ஒரே நாள், ஒரே பதிவேடு, ஆனால் மூன்று பட்டுவாடா ஆணைகள், மூன்று வேகங்கள். லிப்டெக் இந்தியா அமைப்பு அந்த ஆண்டின் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சுமார் 18 லட்சம் பட்டுவாடாக்களை ஆராய்ந்தபோது, ஒன்றிய அரசுக்குரிய ஏழு நாள் கெடுவுக்குள் பட்டியல் சாதியினருக்கு 46 விழுக்காடும், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவருக்கு 26 விழுக்காடும் மட்டுமே போய்ச் சேர்ந்திருந்தன.

பக்கத்தில் நின்று மண் சுமந்தவருக்குப் பணம் வந்து, தனக்கு வராதபோது, கோபம் தில்லியின் சர்வரை நோக்கிப் போவதில்லை. சேரியை நோக்கித்தான் வரும். தமிழ்நாட்டிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் பழைய ஒரே ஆணை முறைக்கு ஒன்றிய அரசு திரும்பியது.

இதிலிருந்து 'மென்பொருளில் சாதியே இருக்கக் கூடாது' என்ற முடிவுக்கு வருவோரோடு நாம் உடன்படவில்லை. எந்தச் சாதியாருக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்ற நிரல் நமக்கு வேண்டும். அது இல்லாவிட்டால் சேரி அழைக்கப்படாததை நிரூபிக்க வழியில்லை. தணிக்கைக்கான அறிக்கையில் சாதி இருக்க வேண்டும். பணம் போகும் பாதையில் இருக்கக் கூடாது. நிர்வாகம் செய்ததோ இதற்கு நேர்மாறு. பாதையில் சாதியை வைத்தது. அறிக்கையை எவரும் படிக்காத மூலையில் வைத்தது.

ஆகவே அந்த மூலைக்குப் போய்ப் படிக்கக் கல்லூரி மாணவர்களை அழைக்கிறோம். திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று கடவுச்சொல் இல்லாமலே இறங்கிச் செல்லலாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் காட்டாங்கொளத்தூர், திருப்போரூர், திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், அச்சிறுபாக்கம், இலத்தூர், சித்தாமூர், புனித தோமையர் மலை என எட்டு ஒன்றியங்கள். ஓர் ஊராட்சியின் வேலை அட்டைகளில் பட்டியலினக் குடும்பங்களின் பங்கையும், மனித நாட்களில் அவர்களின் பங்கையும் அருகருகே வையுங்கள். முதல் எண் 45ஆகவும் இரண்டாவது 30ஆகவும் இருந்தால் கேள்வி பிறந்துவிட்டது. சராசரியோடு நில்லாமல் மாதவாரியாகவும் பாருங்கள். நடவு, அறுவடை மாதங்களில் எந்தத் தெருவின் அட்டைகள் வெறுமையாகின்றன என்பது தெரியும். பிறகு ஜியோ எம்ஜிஎன்ரேகா வரைபடத்துக்குச் செல்லுங்கள். இஸ்ரோவின் புவன் தளத்தில் ஒவ்வொரு பணியும் இருக்கும் இடம் புள்ளியாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் ஊரின் சேரி எங்கே இருக்கிறது என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதைக் கையால் குறித்துக்கொண்டு, புள்ளிகள் எந்தப் பக்கம் குவிகின்றன என்று பாருங்கள். ஊர் வயலுக்குப் போகும் வாய்க்கால் மூன்று முறை தூர்வாரப்பட்டு, சேரியின் சுடுகாட்டுப் பாதை ஒருமுறையும் பணிப் பட்டியலில் ஏறாதிருந்தால், பணிச்சுமை யாருடைய தோளில், பயன் யாருடைய வயலில் என்பதற்கு அந்த வரைபடமே சாட்சி. பட்டியலினத்தவரின் சொந்த நிலத்தைச் சமன்படுத்தவும் கிணறு வெட்டவும் சட்டத்தின் முதல் அட்டவணை இடம் தருகிறது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மீட்கப்பட்ட பஞ்சமி நிலத்தில் நூறு நாள் வேலை நடக்கத் தடையேதும் இல்லை.

அறுபது நாள் தடை

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக விபி–ஜி ராம் ஜி என்று சுருக்கி அழைக்கப்படும் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. நாட்களின் எண்ணிக்கை 125ஆக உயர்கிறது என்பதே தலைப்புச் செய்தியாயிற்று. மாநிலத்துக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதை ஒன்றிய அரசு வரையறுக்கும்; அதற்கு மேல் செலவானால் மாநிலம் ஏற்க வேண்டும்; தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 40 விழுக்காட்டைத் தாங்க வேண்டும். கோரிக்கையை மறைக்கும் தூண்டுதல் இனி எத்தனை மடங்காகும் என்பதை வாசகர்களே கணக்கிடலாம்.

நாம் இங்கே சுட்ட விரும்புவது வேறொரு விதியை. விதைப்பு, அறுவடைப் பருவங்களில் மொத்தம் 60 நாட்களை மாநில அரசு முன்கூட்டியே அறிவிக்கும். அந்த நாட்களில் பணி நடக்காது. வேளாண்மைக்கு ஆள் கிடைக்கச் செய்வதற்காக என்று காரணமும் வெளிப்படையாகச் சொல்லப்படுகிறது. உழைப்பாளி வேலை கேட்க முடியாத நாட்களைச் சட்டமே நாட்காட்டியில் குறித்து வைக்கிறது. அந்த நாட்களில் அவருடைய கட்டம் நிலவுடைமையாளருக்காகக் காலியாக்கித் தரப்படுகிறது. 1890களில் மிராசுதாரர் எழுப்பிய கவலைக்கு இவ்வளவு கச்சிதமான பதிலை அன்றைய ஆங்கில அரசுகூடத் தரவில்லை.

சிறு விவசாயிகளின் ஆள் பற்றாக்குறைப் புகார் பொய்யானதன்று. குத்தகைக்குப் பயிரிடும் நம் மக்களும் நடவுக் காலத்தில் அதே சிக்கலைச் சந்திக்கிறார்கள். ஆனால் சிறுசேரியில் ஆள் பற்றாக்குறை வந்தால் போட்டி நிறுவனம் அறுபது நாள் மூடப்படுவதில்லை, சம்பளம் உயர்கிறது. வயலுக்கும் அதே வழி திறந்தே இருக்கிறது. வேளாண் பணிகளுக்கான குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி, அதைச் சிறு விவசாயி தாங்கும்படி விளைபொருளுக்கு விலை தருவது அரசின் வேலை. அதைச் செய்யாமல், உழைப்பவரின் வேறு வாய்ப்பை அடைப்பதுதான் எளிதாகத் தோன்றியிருக்கிறது.

செங்கல்பட்டில் அந்த அறுபது நாட்கள் எவை என்பதை யார் தீர்மானிப்பார்கள்? கடலோர மணற்பாங்கான ஊராட்சிக்கும் மதுராந்தகம் ஏரிப் பாசனத்துக்கும் நடவு ஒரே மாதத்தில் வருவதில்லை. வயலே இல்லாமல் போன கிழக்குக் கடற்கரைச் சாலை ஊராட்சியில் எந்த அறுவடைக்காக வேலையை நிறுத்துவார்கள்? இந்தக் கேள்விகள் அறிவிக்கை வருவதற்கு முன் கிராம சபைகளில் தீர்மானங்களாக எழ வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தோடு சேரியின் ஒவ்வொரு வேலை அட்டைக்கும் எழுத்துவடிவ விண்ணப்பம் ஒன்றும் போகட்டும்: இந்தத் தேதியிலிருந்து இத்தனை நாள் வேலை வேண்டும் என்று இரண்டு படிகள். இரண்டாவது படியில் ஊராட்சிச் செயலரின் கையெழுத்தும் தேதியும். மறுத்தால் அதே விண்ணப்பத்தை விரைவுத் தபாலில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்பிவிட்டு, பதினாறாம் நாள் அந்த ஊராட்சியின் பக்கத்தைத் திறந்து, 'வேலை கேட்டோர்' நிரலில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.